பன்னிரண்டு பாட்டில் ஏரித் தண்ணீர்

அத்தியாயம் 7

“உங்களை யார் கூப்பிட்டது?”

ஏரிக்கரை ஆராய்ச்சி நிலையத்தின் படியில் கால் வைப்பதற்குள் வந்து விழுந்த கேள்வி. கேட்டவள் தவளை டாக்டர். யாரைக் காப்பாற்ற இந்த வேகாத வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தார்களோ, அவளேதான்.

“உங்க அண்ணி,” என்றார் சர்வேயர்.

“அப்ப அவங்ககிட்டயே போய்ப் பேசுங்க. எனக்கு யாரும் வேண்டாம்.”

ரப்பர் பூட்ஸ் கிறீச்சிட அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். சர்வேயரோடு வந்த பட்டாசு தன் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“முழுகுறவங்களைத் தூக்கப் போனா முடியைப் பிடிச்சுத் தூக்கணும்னு சொல்வாங்க மாமா. இவங்க நம்ம முடியைப் பிடிச்சு உள்ள இழுக்கிறாங்க.”

சர்வேயர் அடுத்த படியில் ஏறினார். முப்பது வருடம் அடுத்தவர் நிலத்தை அளந்தவர் அவர். வேலி தாண்டி நட்ட கல்லைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே, ஓய்வு பெற்ற பிறகு துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். பட்டாசு அவருடைய மனைவியின் தங்கை. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஒரு வக்கீல் மூன்று மணி நேரம் பேசியதை மூன்றே வரியில் டைப் அடித்துக் கொடுத்து, ‘இவ்வளவுதான் சார் நீங்க சொன்னது’ என்றதில் வேலை போனது. அன்றிலிருந்து மாமாவுக்கு உதவியாள்.

விவகாரம் இதுதான். தவளை டாக்டர் ஒரு வருடமாக இந்த ஏரியின் தவளைகளை ஆராய்ந்து வந்தாள். பின்னங்கால் இல்லாமலும், ஒரே இடுப்பில் மூன்று கால்களோடும் குட்டிகள் உருவாகிக்கொண்டிருந்தன. கரையோரக் குடியிருப்பில் குழந்தைகளின் கைகால்களில் ஆறாத புண். ஏரிக்கு மேலே இருக்கும் ரசாயன ஆலையின் கழிவு தண்ணீரில் கலக்கிறது என்று அவள் அறிக்கை எழுதினாள். ஆதாரமாக, மாதம் ஒன்றாக அவள் எடுத்து உறைய வைத்திருந்த பன்னிரண்டு பாட்டில் ஏரித் தண்ணீர்.

நிலையத்தின் இயக்குநர் அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டவர். அவர் பாட்டில்களில் ஆறை எடுத்து வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். ஆறும் சுத்தம் என்று பதில் வந்தது. பொய் அறிக்கை எழுதியவள் என்று தவளை டாக்டரின் பெயர் ஒரே நாளில் நாறிப்போனது. இன்று மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. நாளைக் காலை மதகைத் திறந்து நகரத்துக்குக் குடிநீர் விடப்போகிறார்கள்.

காலையில் அண்ணியின் ஐஸ்கிரீம் கடையில்தான் இதையெல்லாம் கேட்டறிந்தார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள். நாத்தனார் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள், கடை ஃப்ரீசரில் பாதியை ஒரு பெட்டியால் அடைத்து வைத்துக்கொண்டு எடுக்கவும் மாட்டேன் என்கிறாள் என்று துக்கத்தோடு புகாரையும் சேர்த்தே சொன்னாள். நாத்தனாருக்காக அழுகிற அண்ணியைத் தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று பஸ்ஸில் பட்டாசு சொல்லிக்கொண்டே வந்தாள்.

மீதி ஆறு பாட்டில்களைப் பார்வையிட விசாரணைக் குழுத் தலைவி எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு சர்வேயரின் சட்டைப் பையில் இருந்தது. இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை பின்பக்கத்தைப் பார்த்தார்.

“நிலம் அளக்கிறவருக்கு இங்க என்ன வேலை?” என்றார்.

“தண்ணியும் நிலத்து மேலதானே சார் நிக்குது,” என்றாள் பட்டாசு.

அவர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். பத்து நிமிடம், எதையும் நகர்த்தக் கூடாது, தானும் கூடவே நிற்பேன் என்று மூன்று நிபந்தனை போட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

சேமிப்பு அறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. அலமாரிகளில் கண்ணாடிக் குப்பிகளுக்குள் மீன், பாம்புக்குட்டி, என்னவென்று கேட்க பட்டாசுக்கு மனம் வராத வேறு சில. மூலையில் ஆளுயர ஃப்ரீசர் ஒன்று. அதன் கதவை நைலான் கயிற்றால் சுவரில் அடித்த ஆணியோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“இது என்ன, தப்பிச்சு ஓடிடுமா?” என்றாள் பட்டாசு.

அறைக்குப் பொறுப்பான ஸ்டோர் கீப்பர் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஒல்லியான மனிதர். உலகம் தனக்கு ஏதோ தர வேண்டியிருக்கிறது, தராமல் இழுத்தடிக்கிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அனுமதிச் சீட்டு எங்கே, நேரம் குறித்தாயிற்றா, அந்தப் பையை வெளியே வைக்கவில்லையா என்று அடுக்கியவர், கயிற்றைப் பற்றிக் கேட்டதும் குரலை மாற்றினார்.

“முன்கால் உடைஞ்சு போச்சு. முன்பக்கமா சாயுது. கயிறு கட்டலேன்னா கதவு தானா திறந்துக்கும். நான் கடிதம் எழுதினேன். ஒண்ணு இல்ல, மூணு.”

“அதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?” என்றார் இயக்குநர்.

சர்வேயர் எப்போது உடைந்தது என்று மட்டும் கேட்டார். ஸ்டோர் கீப்பர் ஒரு கோப்பைத் தேடி எடுத்துத் தேதியோடு சொன்னார். தவளை டாக்டர் நான்காம் பாட்டிலை உள்ளே வைத்து ஒரு வாரம் கழித்து, அறைக்கு வெள்ளையடிக்க ஃப்ரீசரை நகர்த்தியபோது உடைந்தது.

கயிறு அவிழ்ந்தது. குளிர் புகையாக வெளியே வந்தது. நடுத்தட்டில் வாயகன்ற ஆறு பிளாஸ்டிக் பாட்டில்கள், தவளை டாக்டரின் கையெழுத்தில் எண் ஒட்டி: இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு.

சர்வேயர் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்காமல் பின்பக்கமாக ஓடியது. பிறகு குனிந்து, ஒவ்வொரு பாட்டிலாகப் பக்கவாட்டில் பார்த்தார். தொடவில்லை. பார்க்க மட்டும் செய்தார். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்.

பட்டாசும் குனிந்தாள். அவளுக்குப் பனிக்கட்டி தெரிந்தது. கூடவே ஏதோ ஒரு வாசனை மூக்கில் ஏறியது. காலையில் ஒரு வாய் காப்பியோடு வந்தது தப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

“பசியில மூக்குகூடப் பொய் சொல்லுது மாமா. செத்த பாம்புக்கு நடுவுல எனக்கு வெனிலா மணக்குது.”

சர்வேயர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தானும் மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். முகம் மாறவில்லை. ஆனால் ரசமட்டத்தைப் பைக்குள் போட்ட கை ஒரு கணம் அங்கேயே நின்றதை அவள் கவனித்தாள்.

“பத்து நிமிஷம் முடிஞ்சது,” என்றார் இயக்குநர்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் பட்டாசு சர்வேயரின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன கண்டீர்கள் என்று சொல்லாவிட்டால் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்றாள். சர்வேயர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். பாத்திரம் எப்படிச் சாய்ந்திருந்தாலும் உள்ளே தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். சாய்ந்த ஃப்ரீசரில் வைத்து உறைந்தால், அந்தச் சாய்வு பனிக்கட்டியிலேயே பதிந்துவிடும். வெளியே எடுத்து நேராக நிறுத்தினால் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். கால் உடைந்தது நான்காம் பாட்டிலுக்குப் பிறகு. அப்படியானால் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு நான்கும் சாய்வாக உறைந்திருக்க வேண்டும்.

“இல்லையா?”

“ஆறுமே நேரா இருக்கு. இந்த ஃப்ரீசர்ல உறைஞ்ச தண்ணியே இல்ல அது.”

பட்டாசுக்கு உச்சி குளிர்ந்தது. மாற்றி வைத்திருக்கிறான் மனுஷன், பூனையையே பாலுக்குக் காவல் வைத்த கதை என்று இயக்குநரின் அறைப்பக்கம் பார்த்து ஆரம்பித்தாள். சர்வேயர் தலையை ஆட்டினார்.

“அவருக்கு மாத்தணும்னு அவசியமே இல்ல. கொட்டிட்டு, கெட்டுப்போச்சுன்னு சொன்னா முடிஞ்சது. அப்புறம், உன் மூக்கு பொய் சொல்லல. பனிக்கட்டி பக்கத்துல இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கும். வெனிலா வாசனை அடிக்கிற ஃப்ரீசரை இன்னைக்குக் காலையில நாம பார்த்தோம்.”

பட்டாசு வாயை மூடிக்கொண்டாள். அவளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

தவளை அறை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். தவளை டாக்டர் ஒரு குட்டியை உள்ளங்கையில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். அதற்கு இடது பின்னங்கால் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று மூடியிருந்தது. வெளியே போங்கள், இல்லாவிட்டால் காவலாளியைக் கூப்பிடுவேன் என்றாள்.

“பாட்டிலை மாத்தினது நீங்கதான்,” என்றார் சர்வேயர். “அசலுங்க உங்க அண்ணி கடையில ஐஸ்கிரீமுக்கு அடியில இருக்கு.”

அவள் குட்டியை மெதுவாகத் தொட்டிக்குள் விட்டாள். கையைத் துடைத்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் பயம் இல்லை; சுத்தமான வெறுப்பு இருந்தது.

“சந்தோஷமா? போய்ச் சொல்லுங்க. அவர் உங்களுக்கு மாலை போடுவார்.”

பிறகு, சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்திருந்ததெல்லாம் அவளிடமிருந்து வந்தது. மூன்று வாரத்துக்கு முன் இயக்குநர் தொலைபேசியில் அந்த ஃப்ரீசரைக் காலி செய்துவிடலாம் என்று யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. ஒரு வருட உழைப்பைச் சாக்கடையில் ஊற்றிவிடுவார் என்று அஞ்சி, குழாய்த் தண்ணீரில் பன்னிரண்டு போலிப் பாட்டில்களைத் தயார் செய்து, அண்ணி கடையில் உறைய வைத்து இங்கே கொண்டுவந்தாள். அசலை அங்கே கொண்டுபோனாள். அவர் கொட்டட்டும், கொட்டிய பிறகு அசலை வெளியே எடுத்து அவர் முகத்தில் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் அவர் கொட்டவில்லை. பரிசோதனைக்கு அனுப்பினார்.

“குழாய்த் தண்ணி சுத்தம்னுதான் வரும். இப்ப நான் அசலைக் காட்டினா என்ன சொல்வாங்க? வீட்டுல உட்கார்ந்து விஷத்தைக் கலந்து கொண்டாந்திருக்கான்னு சொல்வாங்க. புதுசா எடுக்கவும் வழியில்ல. நிலையத்து ஊழியர் யாரும் ஏரிப்பக்கம் போகக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டார். நானே என் கழுத்துல சுருக்கு மாட்டிக்கிட்டேன். இதுக்கு நீங்க வந்து முடிச்சு வேற இறுக்கணுமா?”

 தொட்டியில் ஒரு தவளை குதித்து, சரியாக விழ முடியாமல் கவிழ்ந்தது.

“அந்த அசல் பாட்டிலை எல்லாம் நீங்க உருக விட்டீங்களா?” என்று கேட்டார் சர்வேயர்.

இல்லை, ஐஸ்பெட்டியில் வைத்து நேராக அங்கே மாற்றினேன் என்றாள். சர்வேயர் பட்டாசைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டிருந்தாள்.

“ஆனா ஒண்ணு,” என்றார் அவர், தவளை டாக்டரிடம். “அசல் வெளிய வந்தா, மாத்தினது நீங்கன்னும் வெளிய வரும். வேலை நிக்காது. வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே பஸ் ஏறிடுறோம்.”

அவள் தொட்டிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கவிழ்ந்த தவளையை விரலால் நிமிர்த்தி விட்டாள்.

“எங்க அண்ணிக்குச் சத்தம் போடாம கொடுக்கத் தெரியாது. பெட்டி சாக்லேட் டப்பாவுக்கு அடியில இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க,” என்றாள்.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் விசாரணைக் குழுவின் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் தலைவி. பறவைகளை ஆராய்ந்தே தலை நரைத்தவள். யாரையும் உட்காரச் சொல்லவில்லை. இயக்குநர் குற்றச்சாட்டைப் படித்தார். நன்றாகவே படித்தார். நிலையத்தின் மானம், விஞ்ஞானத்தின் நேர்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்தம். அவர் முடிக்கும்போது பட்டாசு ஐஸ்பெட்டியோடு உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. பஸ்ஸில் தன் பக்கத்தில் யாரையும் உட்கார விடாமல், உள்ளே என்ன என்று கேட்ட கண்டக்டரிடம் தவளை என்று சொல்லிக் கொண்டுவந்திருந்தாள்.

தவளை டாக்டர் யாரும் கேட்பதற்குள் எழுந்து நின்றாள். நீங்கள் சோதித்தது ஏரித் தண்ணீர் அல்ல, நான் மாற்றி வைத்த குழாய்த் தண்ணீர் என்றாள். ஏன் மாற்றினேன் என்பதையும் மூன்று வரியில் சொன்னாள். பட்டாசு டைப் அடித்திருந்தாலும் அதைவிடச் சுருக்கியிருக்க முடியாது.

இயக்குநர் சிரித்தேவிட்டார். சேமித்த மாதிரியைத் தொட்டதாக இவளே ஒப்புக்கொள்கிறாள், இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்றார்.

“இது இருக்கு,” என்று சர்வேயர் பன்னிரண்டு பாட்டில்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார். முதல் நான்கில் பனிக்கட்டி நடுவில் லேசாகப் புடைத்திருந்தாலும் இரண்டு ஓரமும் ஒரே மட்டம். ஐந்தாவதிலிருந்து ஒரு பக்கம் மேலேறியிருந்தது. மேஜை சமமாகத்தான் இருக்கிறது என்று ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். ஃப்ரீசரின் கால் உடைந்த தேதியைச் சொன்னார். கால் நேராக இருந்தபோது நான்கு, உடைந்த பிறகு எட்டு. மாதாமாதம் அதே ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர்தான் இது என்றார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தாள்.

இயக்குநரின் முகம் கறுத்தது. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

“வீட்டுல ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சு யார் வேணும்னாலும் இப்படி உறைய வைக்கலாம். கால் உடைஞ்ச விஷயம் இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்.”

சர்வேயர் பாட்டில் வரிசையை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.  மாமாவுக்குப் பதில் வராத நேரத்தைப் பட்டாசு இதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். இரண்டும் அக்காவிடம் மாட்டிக்கொண்டபோது.

“எட்டாவதும் ஒன்பதாவதும் ஒரே மாதிரி இல்லையே,” என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல்.

ஸ்டோர் கீப்பர். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி அழைத்து, பிறகு எல்லோரும் மறந்துபோன ஆள். தன் கோப்போடு மேஜைக்கு வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஐந்து முதல் எட்டு வரை ஒரு விரல் தடிமனுக்குச் சாய்வு. ஒன்பதிலிருந்து அதில் பாதிதான்.

ஸ்டோர் கீப்பர் ஒட்டிய உறை ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கிழித்து, உள்ளே இருந்த கடிதத்தை இயக்குநரின் முன்னால் வைத்தார். மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லாததால் நானே ஒரு மரத்துண்டைக் காலுக்கு அடியில் சொருகியிருக்கிறேன், சாய்வு பாதி குறைந்துள்ளது, மீதியை நிர்வாகம் சரி செய்ய வேண்டும் என்று இருந்தது. எட்டாம் பாட்டில் வைத்த மூன்றாம் நாள் தேதி.

“மரத்துண்டு வச்சது என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார். “இந்தக் கடிதத்தை நீங்க பிரிக்கவே இல்ல சார். உறை இன்னும் ஒட்டினபடியேதான் எனக்குத் திரும்பி வந்தது.”

அவர் தவளை டாக்டரைக் காப்பாற்றச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைத்துவிட்டு, கோப்பைக் கட்டிக்கொண்டு மறுபடி கதவோரம் போய் நின்றார்.

சர்வேயர் அதோடு ஒரு வரியைச் சேர்த்தார். “தெரியாத ஒண்ணை யாரும் போலியா செய்ய முடியாதுங்க.”

தலைவி வெகுநேரம் எழுதினாள். பிறகு வாசித்தாள். பன்னிரண்டு பாட்டில்களும் அவளுடைய நேரடிப் பொறுப்பில் இன்றே வேறொரு பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். முடிவு வரும்வரை மதகு திறக்கக் கூடாது. இயக்குநரின் பழைய சான்றிதழ் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும். சேமித்த மாதிரிகளை அனுமதியின்றி மாற்றியது மன்னிக்க முடியாத குற்றம். அதற்காகத் தவளை டாக்டர் இந்த நிமிடத்திலிருந்து பணிநீக்கம்.

வாசிக்கும்போது அவள் குரலில் ஈரம் இல்லை. வாசித்து முடித்ததும், என்னிடம் முதலில் வந்திருக்கலாம் என்று மட்டும் தவளை டாக்டரிடம் சொன்னாள். யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை என்றாள் அவள்.

தாழ்வாரத்தில் இயக்குநர் சர்வேயரை உரசிக்கொண்டு நின்றார்.

“நீங்க காப்பாத்த வந்த ஆளுக்கு வேலை போச்சு. இதுக்குப் பேர் ஜெயிச்சதா?”

பட்டாசுக்கு நாக்கு நுனிவரை வந்த பதிலை சர்வேயரின் பார்வை தடுத்தது. அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

வெளியே வந்தபோது தவளை டாக்டர் படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு காலி பாட்டில். நன்றி என்ற சொல்லுக்குப் பட்டாசு காத்திருந்தாள். வரவில்லை. ஆறுதலாக எதையாவது சொல்லலாம் என்று, வேறு வேலை கிடைக்கும் என்ற ரீதியில் ஆரம்பித்தாள். தவளை டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினாள். எண் எழுதிய சீட்டை எச்சில் தொட்டுப் பாட்டிலில் ஒட்டினாள். பதின்மூன்று.

பிறகு ஏரிப்பக்கம் நடந்தாள். வேலிக் கதவில் காவலாளி குறுக்கே வந்தான். இயக்குநரின் உத்தரவு, ஊழியர்கள் யாரும் உள்ளே போகக் கூடாது என்றான்.

“நான் இப்ப ஊழியர் இல்லையே,” என்றாள் அவள். “இந்த ஊர்க்காரி. எங்க ஊர் ஏரி. தள்ளுங்க.”

காவலாளி கட்டடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். அவள் அதற்குள் கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தாள்.